குளத்துப் பெயர்களை நோட்டில் எழுதும் பெண்ணை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். மகள் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில், வரலாறும் பொருளியலும் உள்ள குரூப்பில் படித்து பிளஸ் டூவில் 600க்கு 561 வாங்கியிருக்கிறாள். சி.ஏ. படிக்க வைக்கலாம் என்று இருந்தோம். அவளோ ‘ஹியுமானிட்டீஸ்’ என்று இலக்கியம், வரலாறு, தத்துவம், கலை எல்லாம் கலந்த நான்கு வருடப் படிப்புக்குப் போக வேண்டும் என்கிறாள். வட இந்தியாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் தருகிறார்கள். விடுதியோடு வருடத்துக்கு 9 லட்சம். கட்டணத்தில் பாதி சலுகையாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வும் எழுதியிருக்கிறாள். பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு நிச்சயம் கிடைக்கும். “நாலையும் கலந்தால் கதம்பம்தான், ஒன்றும் உருப்படியாகத் தெரியாது” என்கிறார் என் மச்சான். எனக்கும் பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்து சுற்றுவட்டாரக் குளங்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவருகிறாள், எழுபது தாண்டிவிட்டது. இதெல்லாம் சோறு போடுமா? இருக்கும் இரண்டரை ஏக்கரை விற்றாவது படிக்க வைக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

வயலை விற்காதீர்கள். மற்றதைப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். எந்தப் பி.ஏ. படிப்பும் இரண்டரை ஏக்கர் நஞ்சைக்கு ஈடாகாது. முப்பத்தோரு வருடம் அரசுக் கல்லூரிகளில் பி.ஏ. வகுப்பு எடுத்தவன் சொல்கிறேன்.

இனி படிப்புக்கு வருகிறேன். உங்கள் மச்சான் கதம்பம் என்றார். நல்ல சொல்தான், ஆனால் பூக்கட்டுகிறவரிடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மல்லி, மரு, கனகாம்பரம் என்று எது வேண்டுமானாலும் சேர்க்கலாம். நார் இல்லாமல் ஒரு முழம்கூட வராது. பல துறைகளைச் சேர்த்துப் படிக்கும் படிப்பில் எனக்கு எப்போதும் இருக்கும் சந்தேகமும் அதுவே. பூக்கூடை பெரிதாக இருக்கிறது, நார் எங்கே?

உங்கள் மகளிடம் நார் இருக்கிறது. நீங்கள் கடைசி வரியில், ஏதோ விளையாட்டுச் சமாசாரம் மாதிரி எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குள நோட்டைத்தான் சொல்கிறேன்.

திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று சொல்வது உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர் என்பதும் உரக்கடைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கமலாலயக் குளத்தைப் பற்றிப் பெரியபுராணத்தில் ஒரு கதை வருகிறது. தண்டியடிகள் நாயனார் பார்வையில்லாதவர். குளத்தின் ஒரு பக்கம் சமணர்களின் இருப்பிடங்கள் நெருங்கிக் குளம் சுருங்கிப்போக, அவர் கம்பு நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே நடந்து மண் சுமந்து குளத்தைத் தோண்டுகிறார். சமணர்கள் தடுக்கிறார்கள், வழக்கு அரசனிடம் போகிறது, அவருக்குப் பார்வை வருகிறது, அவர்களுக்குப் போகிறது.

இதைத் தமிழ் வகுப்பில் பக்தி இலக்கியமாகப் படிப்போம். வரலாற்று வகுப்பில் சைவ, சமண மோதல் என்று ஒரு பத்தியில் முடித்துவிடுவோம். ஆனால் இதே தண்டியைச் சுந்தரர் தம் அடியார் பட்டியலில் ஒரு சொற்றொடரோடு விட்டுவிடுகிறார். சில நூற்றாண்டு கழித்து, 12ஆம் நூற்றாண்டில் எழுதும் சேக்கிழாரிடம் குளம், கம்பு, கயிறு, வழக்கு எல்லாம் விரிவாக வருகின்றன. இடையில் என்ன நடந்தது? குளக்கரை நிலம் யார் கையில் இருந்தது? காவிரி வாய்க்கால்களும் குளங்களும் பெருகிய காலத்தில் சொல்லப்படும் கதை என்பதால்தான் ஒரு நாயனாரின் தொண்டு மண் வெட்டுவதாக அமைந்ததா? இதற்கு விடை தேடுகிறவருக்குச் செய்யுள் படிக்கத் தெரிய வேண்டும், கல்வெட்டு படிக்கத் தெரிய வேண்டும், சமண சமயம் கொஞ்சம் தெரிய வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதும் தெரிய வேண்டும். கேள்வி இப்படி இழுத்துக்கொண்டு போவதால் நாலு துறைக்குள் போவது ஒன்று. இஷ்டப்பட்ட பேப்பர் நாலை எடுத்து அடுக்கிக்கொள்வது இன்னொன்று. சான்றிதழில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதுதான் சிக்கல்.

இது புதிதாக வந்த மோகம் என்று நினைக்க வேண்டாம். பெயர்தான் புதிது. உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழ் ஆசிரியராகப் போனார். அங்கே முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் “சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?” என்று கேட்டதில்தான் அவர் வாழ்க்கையே திரும்பியது. அத்தனை தமிழ் படித்த புலவருக்குச் சீவக சிந்தாமணி புரியவில்லை. அது சமணக் காப்பியம், இவர் சைவர். என்ன செய்தார்? கும்பகோணத்தில் இருந்த சமணர்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து, அவர்களிடம் சந்தேகம் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் பதிப்பு வந்தது. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் நடந்த கதை.

இன்னும் பக்கத்துக் காலத்துக்கு வந்தால் எ.சுப்பராயலு. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இன்றைய வரைபடத்தில் அவை எங்கே இருக்கின்றன என்று தேடிப் புள்ளி வைத்து, சோழநாட்டின் அரசியல் புவியியலை 1973இல் நூலாக்கினார். புள்ளி வைத்துப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ‘நாடு’ என்று கல்வெட்டு சொல்லும் பகுதிகள் பலவும் ஆற்றின் இரு கரையிலும் பரவிக் கிடந்தன. அரசன் மேலேயிருந்து கோடு கிழித்துப் பிரித்த நிர்வாக வட்டம் என்றால் ஆற்றை எல்லையாக வைத்திருப்பான். இவை உழுகிறவர்களின் ஊர்கள் கூடிக்கூடி உருவான வட்டாரங்கள் என்ற முடிவுக்கு அது வழிவிட்டது. ஜப்பானியரான நொபொரு கராஷிமா திருச்சிப் பக்கம் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டே ஊர்களின் கல்வெட்டுகளை அருகருகே வைத்து, ஒன்றில் ஊராரின் பொது நிலமும் மற்றதில் தனியார் நிலமும் எப்படி இருந்தன என்று காட்டினார். பின்னாளில் இருவரும் தோரு மட்சுயி என்ற இன்னொரு ஜப்பானியரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளிலுள்ள ஆட்பெயர்களையெல்லாம் அட்டவணையாக்கினார்கள். 1978இல் மூன்று தொகுதிகளாக வந்தது. பெயர்ப் பட்டியல்தான், ஐயா. உங்கள் மகள் நோட்டில் வைத்திருப்பது எந்த ஜாதிச் சரக்கு என்று இப்போது புரிகிறதா?

சரி, மச்சான் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன மூவருமே ஒரு துறையில் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு அடுத்ததை எட்டிப் பிடித்தவர்கள். உ.வே.சா. முதலில் தமிழ்ப் புலவர். சுப்பராயலுவும் கராஷிமாவும் முதலில் கல்வெட்டு ஆய்வாளர்கள். எதிலும் ஊன்றாமல் ‘எல்லாவற்றையும் இணைக்கிறேன்’ என்று வருகிறவர்களின் ஆய்வேடுகளை நான் திருத்தியிருக்கிறேன். முன்னுரை அழகாக இருக்கும். மூன்றாவது அத்தியாயத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்டால் நாலு மேற்கோள் வரும், எல்லாம் இரண்டாம் கைச் சரக்கு.

எனக்கும் அந்தச் சறுக்கல் உண்டு. தஞ்சை மராட்டியர் காலத்துக் கிராமக் கணக்கில் முனைவர் பட்டம் செய்தேன். ஆவணங்கள் மோடி என்ற பழைய மராத்தி எழுத்து வடிவத்தில் இருந்தன. ஆறு மாதம் உட்கார்ந்து அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளாமல், தெரிந்த ஒரு பெரியவரிடம் சுருக்கம் எழுதி வாங்கிக்கொண்டேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் மூல ஆவணத்தின் நகலோடு வந்திருந்தார். பெரியவர் ‘முக்கியமில்லை’ என்று விட்டிருந்த நான்கு வரிகளில்தான் என் வாதத்தைக் கவிழ்க்கும் கணக்கு இருந்தது. பட்டம் கொடுத்தார்கள், ஓர் அத்தியாயத்தைத் திருத்தி எழுதச் சொல்லி. அதனால்தான் மொழியும் எழுத்தும் விஷயத்தில் நான் கறாராகப் பேசுகிறேன். குளம், கல்வெட்டு என்று போகப்போகிற பெண் கிரந்த எழுத்தையும் கொஞ்சம் சமஸ்கிருதத்தையும் இந்த வயதிலேயே தொடங்கிவிட வேண்டும்.

ஆக, அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தை எப்படி எடைபோடுவது? பளபளப்பான கையேட்டைத் தள்ளிவையுங்கள். போன வருடம் படித்து முடித்த ஒரு மாணவரின் எட்டு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கக் கேளுங்கள். பெயரை மறைத்துக் கொடுக்கட்டும். அதில் ஏதாவது ஒரு துறையில் எட்டு, பத்து பேப்பராவது தொடக்க நிலையிலிருந்து மேல்நிலை வரை ஏறிப் போகிறதா? அல்லது முதல் வருடம் முதல் கடைசி வருடம் வரை ‘அறிமுகம்’, ‘அறிமுகம்’ என்றே இருக்கிறதா? நான்காம் வருடம் ஓர் ஆய்வேடு உண்டா? இருந்தால் ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் பாப்பாவை. அவளுக்கே தெரிந்துவிடும். இன்னொன்றும் கேட்கலாம். வரலாற்று ஆசிரியரும் இலக்கிய ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து பாடம் எடுப்பது உண்டா? பல இடங்களில் துறைகளைக் கலக்கும் வேலை மாணவன் தலையில்தான் விழுகிறது. ஆசிரியர்கள் அவரவர் அறையில் இருப்பார்கள்.

சலுகை விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். பாதி என்றால் எதில் பாதி? விடுதியும் சாப்பாடும் அதில் சேருமா? நான்கு வருடமும் உண்டா, மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா, வருடாவருடம் கட்டணம் ஏறினால் சலுகையும் ஏறுமா? போனில் பேசுகிறவர் இனிமையாகத்தான் பேசுவார். அது அவர் வேலை.

அடுத்து, யாரும் சொல்லாத ஒரு சங்கதி: பட்டத்தின் பெயர். தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியர் வேலைக்குப் போவதென்றால் பட்டத்தில் வரலாறு, தமிழ், ஆங்கிலம் என்று பாடத்தின் பெயர் இருக்க வேண்டும். புதுப்பெயர் என்றால் இன்னதற்கு இணையானது என்று அரசாணை காட்டச் சொல்வார்கள். என் பழைய மாணவி ஒருத்தி அழகான பெயருள்ள பட்டத்தோடு வந்து, தேர்விலும் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டாள். இணைத்தன்மைக் கடிதத்துக்கு அலைந்ததிலேயே இரண்டு வருடம் போயிற்று. யு.பி.எஸ்.சி.க்கு இந்தத் தொல்லை இல்லை. எந்தப் பட்டமும் போதும், விருப்பப் பாடமும் பட்டத்தில் படித்ததாக இருக்கத் தேவையில்லை. கல்லூரி ஆசிரியர் வேலைக்கு முதுகலையில் எந்தப் பாடம் என்பதுதான் பெரிதாகப் பார்க்கப்படும். அதற்கான நெட் என்ற தகுதித் தேர்வும் பாடவாரியாகத்தான். அதனால் இளங்கலையில் கலந்து படித்தாலும் முதுகலையில் ஒரு பெயருக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். நான்கு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் வாங்கினால் முதுகலை இல்லாமலே நெட் எழுதலாம் என்று 2024இல் யு.ஜி.சி. வழிவிட்டிருக்கிறது. எழுதலாம் என்பதற்காக முதுகலையைத் தாண்டிப் போக வேண்டாம் என்பது என் கட்சி.

தமிழ் வழியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அது பள்ளி முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவருக்குத்தான். பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் குரூப் ஒன் போன்ற தேர்வுகளில், ஆங்கில வழிக் கல்லூரிக்குப் போன அன்றே அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். இதற்காக அவளைத் தடுத்து நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. தெரியாமல் இழக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது என் தீர்ப்பு. வரிசையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மத்தியப் பல்கலைக்கழகம் கிடைத்தால் யோசிக்காமல் அங்கே அனுப்புங்கள். கட்டணம் கையைக் கடிக்காது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் புத்தாக்க மையத்தில் ஹியுமானிட்டீசும் சமூக அறிவியலும் சேர்ந்த பி.ஏ. ஆனர்ஸ் நடக்கிறது, செயல்திட்டங்களை வைத்தே படிக்கும் முறை. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கான ஐந்து வருட ஒருங்கிணைந்த எம்.ஏ. உண்டு. தொடக்கத்தில் பல பாடங்களைத் தொட்டுவிட்டு, கடைசியில் வரலாறு, மொழியியல் என்று ஒரு பெயரோடு வெளியே வரலாம். உங்கள் பெண்ணுக்கு இந்த இரண்டாவது வகைதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. அகலமும் கிடைக்கும், ஆசிரியர் வேலைக்குப் போனால் பட்டத்தின் பெயரும் இடிக்காது. நுழைவுத் தேர்வு மதிப்பெண் வந்ததும் இவற்றுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு எழுதியதோடு இடம் தானாக வந்துவிடும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் வருடத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதுகிறார்கள்.

அது தவறினால், பக்கத்து அரசுக் கல்லூரி பி.ஏ. வரலாறு. முகம் சுளிப்பாள், தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்று வருடம் செலவில்லாமல் படிப்பு, கண்ணெதிரே அவளுடைய எழுபது குளங்கள், எட்டும் தூரத்தில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரசுவதி மகால் நூலகமும். பாடத்திட்டம் தராத கலப்பை அவளே செய்துகொள்ளலாம். லீவு நாளில் கல்வெட்டுப் பயிற்சிக்குப் போகலாம். முதுகலையும் முடித்து மாநிலத் தொல்லியல் துறையின் முதுநிலைப் பட்டயப் படிப்புக்கும் போகலாம். கமலாலயத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு குளங்களைப் பற்றிப் படிக்க ஹரியானாவுக்கோ எங்கேயோ போவது எனக்கு என்னவோ ஒட்டவில்லை. இது கிழவன் பேச்சு என்று அவள் சொல்லக்கூடும், சொல்லட்டும். வெளியூர் போய்ப் பத்துவிதமான மனிதர்களோடு இருப்பதும் படிப்புதான் என்பதை மறுக்கவில்லை.

தனியார் பல்கலைக்கழகம் மூன்றாவது. மேலே சொன்ன மதிப்பெண் பட்டியல் சோதனையில் தேறி, சலுகையும் நான்கு வருடத்துக்கும் உறுதியாகி, மீதி உங்கள் கடை வருமானத்தில் அடங்கும் கல்விக் கடனுக்குள் வந்தால் மட்டும்.

எங்கே போனாலும் ஆங்கிலம் ஒரு வருடம் கண்ணைக் கட்டும். ஹியுமானிட்டீஸ் வகுப்பில் வாரத்துக்கு நூறு பக்கம் படித்துவிட்டு வா என்பார்கள். இந்த லீவிலேயே ஒரு நல்ல ஆங்கில வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து, நாளுக்கு ஐந்து பக்கம் படித்து, படித்ததைத் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்ட வேண்டாம்.

சோறு போடுமா என்றீர்கள். கல்லூரி வளாகத்துக்கே கம்பெனி வந்து அள்ளிக்கொண்டு போகும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது நடக்காது. முதல் நாலைந்து வருடம் சி.ஏ. படித்த அத்தை பையனோடு சம்பளத்தை ஒப்பிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. அப்புறம் வழிகள் பிரிகின்றன. நெட்டில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் ஆய்வு செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. மூன்று வருடச் சட்டப் படிப்புக்கு எந்தப் பட்டமும் போதும். பழைய ஆவணம் படிக்கத் தெரிந்த வக்கீலுக்கு நில வழக்கு நிறைந்த உங்கள் மாவட்டத்தில் மரியாதையே தனி. பத்திரிகை, மொழிபெயர்ப்பு, பதிப்பகம், அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், குடிமைப் பணி என்று என் மாணவர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். கஷ்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பட்டம் வாங்கிய பிறகுதான் என்ன செய்யப்போகிறோம் என்று யோசிக்கத் தொடங்கியவர்கள்.

சி.ஏ.வைப் பற்றி ஒரு வார்த்தை. அவளுக்குக் கணக்கு வராது என்று நீங்கள் எழுதவில்லை. வருமென்றால் புள்ளியியலில் ஒரு பேப்பரை எப்படியாவது எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுபது குளம் எழுநூறு ஆகும்போது நோட்டில் அடங்காது.

அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து எனக்கு அனுப்ப முடியுமா? எந்தக் குளத்தின் பெயரை யார் சொல்லிக் கேட்டாள், எந்தத் தேதியில் என்று ஓரத்தில் குறித்திருக்கிறாளா என்று பார்க்க வேண்டும். குறிக்கவில்லையென்றால் சொன்னவர்கள் இருக்கும்போதே போய்க் குறித்துவிடச் சொல்லுங்கள். கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது.